ஞானத்தின் முதலெழுத்து

2018ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே உலகப் பத்திரிகைகள் பலவற்றில் ஒரு விநோதச் செய்தி வெளியாயிற்று. தெலுங்கு மொழியின் ஓர் எழுத்து ஐபோன்களைச் செயலிழக்கச் செய்கின்றது என்பதே அச்செய்தி. அவ்வெழுத்தை ஒருவர் குறுந்தகவலாக அனுப்புவார். பெற்றவருடைய தொலைபேசி அதனைத் திரையிலே காட்ட முயலும். முயன்ற கணத்திலேயே அந்தச் செயலி மூடிக்கொள்ளும். மீண்டும் திறப்பின் மீண்டும் மூடும். அறிவித்தலாகத் திரையின் உச்சியிலே அவ்வெழுத்துத் தோன்றிவிட்டாலோ, கருவி முழுவதுமே திரும்பத் திரும்ப மயங்கி விழுந்துகொண்டிருக்கும். முந்திய நவம்பரிலே 999 டொலர் ஆரம்ப விலையில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஐபோன் 10 கூட இதற்கு விலக்கன்று. குறும்பர் சிலர் ருவிட்டர்த் தளத்திலே தம் பெயரோடு அவ்வெழுத்தைச் சேர்த்துக்கொண்டு, தம்மைக் காண வந்தோரின் தொலைபேசிகளை வீழ்த்தி மகிழ்ந்தனர்.

அவ்வெழுத்து யாதென அறிந்தால் தமிழ் வாசகர் வியப்படைவர். 'ஜ்ஞா' என்பதே அது. வடமொழி வழிவந்த ஞானம் என்னும் சொல்லைத் தெலுங்கர் மூல ஒலி குன்றாமல் எழுத விரும்புவராதலின், ஜகரத்தோடு ஞகரத்தைப் பிணைத்து, ஆகாரக் குறியையும் சேர்த்து, ஓர் எழுத்துப்போல ஆக்கிச் சொல்லின் முதலிலே வைப்பர். நாமோ ஜகரத்தை வாயிற்படியிலேயே நிறுத்திவிட்டு, 'ஞா' என்று எளிதாகத் தொடங்கிவிட்டோம். ஞானத்தின் முதலெழுத்தைக் கண்டதும் மூர்ச்சையுற்று விழும் ஒரு யந்திரத்தை நம் புராணிகர் எவரும் கற்பனை செய்திரார்.

சிரித்தற்குரிய செய்திதான். ஆயின், அது எழுதப்பட்ட முறையும் பின்னர் மறக்கப்பட்ட முறையும் மொழியிலே அக்கறையுள்ளோர் சற்று நின்று நோக்கத்தக்கன. தவறு இழைத்தது ஒன்று, பழி சுமந்தது மற்றொன்று என்பது என் கட்சி. அதனினும் முக்கியமாக, இத்தகைய தவறுகளை வேடிக்கை என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நமக்கு ஆபத்தானது என்பதும் என் கட்சி.

அச்சுக்கூடத்தை அறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையிலே அச்சியந்திரசாலை நிறுவிய நாள் முதலாக, ஈய எழுத்து மறையும் நாள் வரையும், எழுத்து என்பது கையால் எடுக்கத்தக்க ஓர் உலோகத் துண்டாய் இருந்தது. 'கொ' என அச்சிட வேண்டுமாயின், அச்சுக் கோப்பவர் கொம்பை முதலில் வைப்பார். ககரத்தை அடுத்து வைப்பார். அரவை இறுதியில் வைப்பார். வைத்த ஒழுங்கே அச்சாகும். தவறு நேர்ந்தால் அது கண்ணுக்குத் தெரியும். மெய்ப்புப் பார்ப்பவர் திருத்துவார்.

கைத்தொலைபேசியிலே நிலைமை வேறு. அங்கு அனுப்பப்படுவது எழுத்தின் உருவமன்று; எண். 1991ஆம் ஆண்டிலே முதற் பதிப்பு வெளியான யுனிகோட் என்னும் அனைத்துலக ஒழுங்கு, உலகின் எழுத்துக்களுக்கெல்லாம் எண் வழங்கி வருகின்றது. 'கொ' என நாம் எழுதுங்கால், ககரத்தின் எண்ணும் ஒகரக் குறியின் எண்ணுமே பயணம் செய்கின்றன. கொம்பை முன்னே கொண்டுவந்து அரவைப் பின்னே நிறுத்தும் வேலை, பெறுகின்ற கருவியின் உள்ளே கணத்துக்குக் கணம் நடைபெறுகின்றது. ஒவ்வொரு தொலைபேசியினுள்ளும் கண்ணுக்குத் தெரியாத அச்சுக் கோப்பவர் ஒருவர் அமர்ந்திருக்கின்றார் என்று கொள்ளலாம். நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்துக்கும் அவர் கணக்குப் பார்த்து உருவம் சமைக்கின்றார்.

அவருடைய கணக்கே 2018இற் பிசகிற்று. குழப்பம் விளைத்த அத்தெலுங்கு எழுத்தினுள் ஐந்து எண்கள் இருந்தன: ஜகரம், அகரத்தை நீக்கும் குறி, ஞகரம், கண்ணுக்குப் புலனாகாத ஒரு குறி, ஆகாரக் குறி. நான்காவதாக நிற்கும் அந்த மறைகுறிக்கு உருவமில்லை. அடுத்தடுத்துள்ள எழுத்துக்களைப் பிணைக்காதே என்று கோப்பவருக்குக் கட்டளையிடுவது மாத்திரமே அதன் தொழில். தெலுங்கர் நாடோறும் எழுதும் ஞானத்திலே இந்த மறைகுறி இல்லை. அதனால் சாதாரணத் தெலுங்குச் சொல் எந்தத் தொலைபேசியையும் வீழ்த்தவில்லை. மறைகுறி புகுந்த வடிவமே வீழ்த்திற்று. அதே வகைச் சேர்க்கையைத் தேவநாகரியிலும் வங்க எழுத்திலும் அமைத்தால் அதே விளைவு உண்டாகும் என்பதை மென்பொருள் வல்லுநர் ஒருவர் சில நாட்களுள் எடுத்துக் காட்டினார். எனவே, 'தெலுங்கு எழுத்து' என்று பத்திரிகைகள் சூட்டிய பெயரே முழு உண்மையன்று.

மறைகுறிகள் ஏதோ குறும்பரின் கருவிகள் என எண்ணிவிடக் கூடாது. பாரசீகர் இக்குறியின்றித் தம் மொழியைச் செவ்வனே எழுத இயலாது. இதன் உடன்பிறப்பான 'பிணைக்க' என்னும் மறைகுறி இலங்கையருக்கு மிக அண்மையானது. சிங்களத்திலே இந்நாட்டின் பெயரை எழுதும்போது, 'ஸ்ரீ' என்னும் முதலெழுத்து ஒழுங்காக அமைவதற்கு அம்மறைகுறி நடுவே நிற்றல் வேண்டும். அஃது உதிர்ந்துபோயின், நாட்டின் பெயர் உடைந்த உருவோடு திரையிலே தோன்றும். காணாத எழுத்தொன்று காணும் எழுத்தைத் தாங்கி நிற்கின்றது. இத்தகைய ஒன்றைக் கையாளத் தெரியாத கருவியை எழுத்தறியாக் கருவி எனலே பொருந்தும்.

அப்பிள் நிறுவனம் பெப்ரவரி 19ஆம் திகதி 11.2.6 என்னும் திருத்தப் பதிப்பை வெளியிட்டது. அத்துடன் விடயம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர். முடியாதது பெயர் மாத்திரமே. 'எழுத்து வெடிகுண்டு' என்னும் தொடர் அதற்கு முன்னரே வழக்கிலிருந்தது. இதன்பின் அது மேலும் நிலைபெற்றது. 2011ஆம் ஆண்டின் இந்தியக் குடிசன மதிப்பீட்டின்படி 8 கோடிக்கு மேற்பட்டோரின் தாய்மொழியாகிய ஒரு மொழி, உலகின் பெரும்பாலான வாசகர்களுக்கு முதன்முறையாக அறிமுகமான வேளையிலே, வெடிகுண்டாக அறிமுகமாயிற்று. தன் இலக்கியத்தாலன்று, திரைப்படத்தாலுமன்று, ஒரு தொலைபேசியின் பலவீனத்தால் அது பேர்பெற்றது. இதிலே எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இஃது ஒரு முறை நேர்ந்ததாயின் தற்செயல் என்று விட்டுவிடலாம். 2013 ஓகஸ்ட் மாதத்திலே சில அரபு எழுத்துக்களின் தொடர் ஐபோன்களையும் மக் கணினிகளையும் தடுமாறச் செய்தது. 2015 மே மாதத்திலே ஆங்கிலம், அரபு, தேவநாகரி, சீனம் ஆகிய நான்கு வகை எழுத்துக்களும் கலந்த பொருளற்ற வாசகமொன்று பரவிற்று. அறிவித்தற் பட்டையிலே இடம் போதாமையால் வாசகத்தை வெட்ட முயன்ற தொலைபேசி, எங்கே வெட்டுவது எனத் தெரியாமல் நின்றுபோயிற்று. அதற்கு அப்பிள் நிறுவனம் தற்காலிகமாகக் கூறிய பரிகாரம் சுவையானது. சிரி என்னும் குரல் உதவியாளரிடம், படியாத தகவல்களைப் படிக்கும்படி கேளுங்கள் என்றது. கண்ணாற் காண அஞ்சியதை வாயாற் படிக்க அக்கருவி அஞ்சவில்லை! பின்னர் 2020 ஏப்ரலிலே இத்தாலியின் கொடிப் படமும் சிந்தி மொழியின் எழுத்துக்களும் சேர்ந்து வந்த தகவல் ஒன்று அதே வேலையைச் செய்தது.

அரபு, தேவநாகரி, தெலுங்கு, சிந்தி. இந்த வரிசையைப் படிப்பவர் யாது கருதுவர்? கீழைத்தேய எழுத்துக்கள் சிக்கலானவை, யந்திர யுகத்துக்கு ஒவ்வாதவை என்றே கருதுவர். அப்படிக் கருதுவோர் நம்மிடையிலும் உளர். ஆதலின் வரிசையின் மற்றப் பாதியையும் எடுத்துரைத்தல் நியாயம்.

2021 யூன் மாதத்திலே, வைஃபை வலையமைப்பு ஒன்றுக்கு ஒரு விசித்திரப் பெயரை இட்டால், அதனோடு இணையும் ஐபோனின் வைஃபை வசதியே செயலிழந்துவிடும் என்பது கண்டறியப்பட்டது. அப்பெயரிலே இருந்தவை நூற்றுவீதக் குறிகளும், பி, எஸ், என் என்னும் ஆங்கில எழுத்துக்களுமே. பெயராகக் கொள்ள வேண்டியதைக் கருவி தனக்கிடப்பட்ட கட்டளையாகக் கொண்டது. அதனால் வந்தது வினை. 2024 ஓகஸ்டிலே இதனினும் எளிய ஒன்று வெளிப்பட்டது. இரண்டு மேற்கோட்குறிகளையும் இரண்டு முக்காற்புள்ளிகளையும் ஐபோனின் தேடற்பெட்டியிலே தட்டினால் முகப்புத் திரை நிலைகுலைந்தது. ஆரம்ப வகுப்பு மாணவன் இலக்கணப் பாடத்திலே படிக்கும் நிறுத்தக் குறிகள் நான்கு! 'கொலைகார ஆங்கில எழுத்து' என்றோ, 'முக்காற்புள்ளி வெடிகுண்டு' என்றோ எவரும் தலைப்பிடவில்லை. அங்கே அது மென்பொருளின் வழு எனப்பட்டது. சரியான பெயர் அதுவே. அந்தப் பெயர் தெலுங்குக்குக் கிட்டவில்லை என்பதே என் முறைப்பாடு.

எழுத்தோடு சம்பந்தமே இல்லாத உதாரணமும் ஒன்றுண்டு. 2018 யூலை மாதத்திலே பற்றிக் வார்டில் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு வழுவை விளக்கினார். தைவானிலிருந்த நண்பி ஒருவரின் ஐபோன், தைவான் என்னும் சொல்லைத் தட்டினாலோ தைவான் கொடியின் சின்னத்தைப் பெற்றாலோ செயலிழந்துகொண்டிருந்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, சீனப் பிரதேசத்துக்கெனக் குறித்த தொலைபேசிகளிலே அக்கொடியைக் காட்டாது மறைப்பதற்காக எழுதப்பட்டிருந்த கட்டளையே பிசகியமை தெரிந்தது. ஒரு படத்தை மறைக்கச் சென்ற இடத்திலே கருவியே விழுந்தது. அதற்குக் கொடியைக் குற்றஞ்சாட்டுவது எத்துணை அறியாமையோ, அத்துணை அறியாமையே எழுத்தைக் குற்றஞ்சாட்டுவதும்.

இவ்விடத்திலே நம்மவர் கூறும் மறுப்பு ஒன்றுண்டு. தெலுங்கைப்போன்ற கூட்டெழுத்து மிகுந்த மொழிகளுக்கே இத்தொல்லை. எளிமையாக்கப்பட்ட எழுத்துக்கு இல்லை. ஆங்கில எழுத்திலே தாய்மொழியை எழுதிவிட்டால் இன்னும் நன்று என்பர். மாணவர் பலர் தம் நண்பர்களுக்கு விடுக்கும் தகவல்களைக் காணுமிடத்து, இக்கட்சி வாதத்திலே வெல்லாவிடினும் வழக்கிலே வென்றுவருவது புலனாகும். தமிழ் இந்தத் தொல்லைகளிலே பெரும்பாலும் அகப்படாமைக்குக் காரணம் புள்ளி. மெய்யின் தலையிலே புள்ளியிட்டு நிறுத்திவிடும் பழக்கத்தால், க்ஷ, ஸ்ரீ என்பனபோன்ற சில தவிரக் கூட்டெழுத்துக்கள் இக்காலத் தமிழிலே வழங்குவதில்லை. இதனைப் பெருமையாகக் கூறிக்கொள்வார் கூறுக. தெலுங்கன் தன் முன்னோர் பிணைத்த எழுத்தைப் பிரிக்க வேண்டும் என்று கூற நமக்கு அதனால் உரிமை வந்துவிடாது.

யந்திரத்துக்காக எழுத்து வளைந்த காலம் ஒன்று இருந்தது என்பது மெய்யே. தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, யானைத் துதிக்கைபோல் வளைந்து நின்ற ஐகாரக் குறியையும், ணா, றா, னா என்பவற்றின் பழைய உருவங்களையும் கைவிட்டது. ஈயத்துக்கு எடையும் விலையும் உண்டு. தட்டச்சுப் பொறியின் விசைகளுக்கு எல்லையுண்டு. அந்த நிர்ப்பந்தம் மதிக்கத்தக்கதே. அந்தப் பழைய லகர ஐகாரத்தின் அழகை நினைந்து இன்றும் இரங்குவார் உளர். அவர்களுள் யானும் ஒருவன். ஆனால் எண்ணுக்கு எடையேது? நினைவகத்திலே இடமில்லை, விசைப்பலகையிலே இடமில்லை என்று கூறும் காலம் கடந்துவிட்டது. இன்று ஓர் எழுத்தை ஒரு தொலைபேசி தாங்காதாயின், தாங்கும்படி செய்வதற்கு ஆள் வைக்கவில்லை என்பதே பொருள்.

ஆள் வைத்தல் என்பதை விரித்துக் கூறல் வேண்டும். முதல் ஐபோன் 2007இல் வெளிவந்தது. அதிலே தமிழ் விசைப்பலகை நிறுவனத்தாலேயே சேர்க்கப்பட்டது 2013இல். இடைப்பட்ட ஆண்டுகளிலே கொம்பு இடம்மாறியும், எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகவும் தமிழைப் பல கருவிகளிலே கண்டவர்கள் நாம். விற்பனை முதலில், மொழி பின்னர் என்பதே இத்தொழிலின் ஒழுங்கு. பின்னர் வரும் மொழிகள் பின்னரே பரிசோதிக்கப்படுகின்றன. ஆங்கிலத்தின் ஒவ்வொரு மூலையையும் ஆயிரம் ஊழியர் தம் அன்றாட உபயோகத்தாலேயே பரிசோதித்துவிடுவர். சிந்தியின் மூலைகளை எவர் பரிசோதிப்பர்? அதனை நாடோறும் எழுதுவோரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தினாலன்றி அது நடவாது. வழுவைத் திருத்துவதற்கு ஒரு வாரத்துள் ஆள் கிடைக்குமாயின், வழு வராமற் பார்ப்பதற்கும் ஆள் கிடைக்கும் என்பது என் துணிபு.

இனி, வேடிக்கை என்று ஒதுக்குவதால் வரும் ஆபத்தைப் பார்ப்போம். 2018இன் திருத்தத்தோடு அப்பிள் நிறுவனம் வெளியிட்ட பாதுகாப்புக் குறிப்பிலே, அத்தகைய எழுத்துத் தொடரைக் கையாளும்போது நினைவகம் சிதைவுறக்கூடும் எனச் சுருக்கமாகக் கூறப்பட்டிருந்தது. அதன் பொருளைப் பத்திரிகைகள் பல விளக்கவில்லை. கருவியின் நினைவகம் வகுத்த எல்லையை மீறி எழுதப்படுமாயின், விகடன் கையிலே அது மயக்கமாக முடியும்; கைதேர்ந்தவன் கையிலே அது திறப்பாக மாறக்கூடும். வீட்டுக் கதவு காற்றுக்குத் தானே திறந்து மூடுவதைக் கண்டு குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கலாம். வீட்டுக்காரர் தாழ்ப்பாளைச் சென்று பார்த்தல் வேண்டும்.

தாழ்ப்பாளைப் பார்த்தவர்கள் கண்டதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிற்றிசன் லாப் என்னும் ஆய்வகம், சவூதி அரேபியச் செயற்பாட்டாளர் ஒருவரின் தொலைபேசியை ஆராய்ந்து, 2021 செப்டெம்பர் 13ஆம் திகதி ஓர் அறிக்கை வெளியிட்டது. இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனத்தின் பெகாசஸ் என்னும் ஒற்று மென்பொருள், ஐமெசேஜ் வழியாக அத்தொலைபேசியினுள் நுழைந்திருந்தது. உரிமையாளர் எதனையும் அழுத்தவில்லை, எதனையும் திறக்கவில்லை. அசையும் படம் என்ற வேடத்திலே பி.டி.எஃப். ஆவணமொன்று வந்தது. அதனுள்ளே ஜே.பி.ஐ.ஜி. 2 என்னும் பழைய சுருக்க முறை இருந்தது.

அம்முறையின் வரலாறும் எழுத்தின் வரலாறே. தொலைநகலுக்கும் நகலெடுப்புக்கும் பக்கங்களைச் சுருக்குவதற்காக அது வகுக்கப்பட்டது. ஒரு பக்கத்திலே ஒத்த உருவமுள்ள எழுத்துக்கள் நூறு இருந்தால், ஒன்றை மாத்திரம் சேமித்து, மற்ற இடங்களிலெல்லாம் அதனையே மீட்டும் பதிப்பது அதன் உத்தி. அச்சுப் பெட்டியிலே ஒரே எழுத்தை எடுத்து எடுத்து வைப்பதுபோல் என்க. உருவ ஒப்புமையைத் தாராளமாகக் கணித்தால் யாது நிகழும் என்பதை 2013இல் டேவிட் கிறீசல் என்னும் ஜேர்மானியர் காட்டினார். செரொக்ஸ் நகல் யந்திரமொன்று கட்டட வரைபடத்தின் அறைகளுக்குரிய பரப்பளவு எண்களை மாற்றிப் பதித்து, வெவ்வேறு அறைகளுக்கு ஒரே அளவைக் கொடுத்திருந்தது. எழுத்துப் பிழை என்று தோன்றாத எழுத்துப் பிழை! இந்த முறையிலிருந்த ஒரு கணக்குப் பிழையையே ஒற்றர் பயன்படுத்தினர். 70,000இற்கு மேற்பட்ட சிறு கட்டளைகளை அப்படத்தினுள் அடுக்கி, தொலைபேசியினுள்ளேயே ஒரு சிறு கணினியைக் கட்டியெழுப்பி, அதனைக்கொண்டு காவலைக் கடந்தனர் என்பதைக் கூகிள் நிறுவனத்தின் ஆய்வுக் குழு அதே ஆண்டு டிசெம்பரிலே விவரித்தது. தீச்செயலிலும் இத்துணைக் கைத்திறன் இருத்தல் கண்டு வியவாமல் இருக்க முடியவில்லை.

இரண்டாவது இன்னும் நேரானது. கஸ்பர்ஸ்கி என்னும் ரஷ்யப் பாதுகாப்பு நிறுவனம், தன் ஊழியர்களின் ஐபோன்களே ஒற்றாடப்பட்டமையை 2023 யூன் 1ஆம் திகதி அறிவித்தது. பின்னர் டிசெம்பரிலே வெளியிட்ட ஆய்விலே நுழைவாயில் எதுவெனக் கூறிற்று. அஃது ஓர் எழுத்துருக் கட்டளை. எழுத்தின் உருவத்தைத் திரையிலே செப்பஞ்செய்வதற்குரிய கட்டளைகளுள், அப்பிள் கருவிகளில் மாத்திரம் உள்ளதும் எந்தக் கைந்நூலிலும் விளக்கப்படாததுமான ஒன்று தொண்ணூறுகளின் தொடக்கம் முதல் அங்கே கிடந்தது. அதன் வழியே வந்தவர்கள் தொலைபேசியை முற்றாகக் கைப்பற்றினர். அதற்கு மேலும் மூன்று பலவீனங்கள் அவர்களுக்குத் துணைநின்றன.

அன்ரொயிட் பாவனையாளர் இதைப் படித்து ஆறுதலடைய வேண்டியதில்லை. எழுத்துருக்களைத் திரையிலே வரைவதற்கு உலகெங்கும் பயன்படும் பிறீரைப் என்னும் மென்பொருளிலே, உருவங்களைக் கணிக்கும் பகுதியில் ஒரு வழு இருந்தமை 2025 மார்ச்சில் வெளிப்பட்டது. அது தீயோரால் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு, மே மாதத்து அன்ரொயிட் திருத்தத்திலே அடைக்கப்பட்டது.

வேடிக்கையெனப்பட்ட தெலுங்கு எழுத்தும், ஒற்றரின் எழுத்துருக் கட்டளையும் தனித்தனி வழுக்கள்; ஒன்று மற்றதற்கு வழிவிட்டது என்று நான் கூறவில்லை. ஆயின் இரண்டும் பிறந்த வீடு ஒன்றே. வெளியாரிடமிருந்து வரும் எழுத்தையோ படத்தையோ, உரிமையாளரின் அனுமதி கேளாமலே, வந்த கணத்தில் வடிவமாக்கிக் காட்டிவிடும் அவசரமே அவ்வீடு. 2022இல் அப்பிள் நிறுவனம் புகுத்திய 'பூட்டு நிலை' என்னும் வசதி, ஐமெசேஜில் வரும் இணைப்புக்களிற் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடுகின்றது. அவசரம் ஆபத்தென்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டமைக்கு அஃது அடையாளம். பத்திரிகையாளருக்கும் செயற்பாட்டாளருக்கும் அது பயன்படலாம். பள்ளி ஆசிரியருக்கும் மாணவருக்கும் அவ்வளவு வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது காலந்தவறாத திருத்தம்.

திருத்தம் என்றதும் நம் வீடுகளின் நிலையைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. வெளிநாட்டிலே வாழும் மகன் பாவித்துக் கழித்த தொலைபேசி ஊரிலுள்ள தாயின் கைக்கு வருகின்றது; தாயிடமிருந்து பேரனுக்குப் போகின்றது. புதிய பதிப்பு ஆயத்தமாயிருக்கின்றது என்று கருவி கேட்கும்போதெல்லாம், தரவுக் கட்டணத்தை எண்ணியோ, உள்ளதும் கெட்டுவிடுமோ என்று அஞ்சியோ, 'பின்னர்' என்பதை அழுத்திவிடுகின்றோம். அந்தத் தயக்கம் காரணமற்றதன்று. ஆனாலும் எழுத்தையும் படத்தையும் வடிவமாக்கும் பகுதிகளிலே வழு வெளியான பின்பு, திருத்தாத தொலைபேசி என்பது திறவுகோலின் அச்சு ஊரறியப் பரவிய பூட்டு. வட்ஸ்அப்பிலே 'இந்த எழுத்தைத் திறவாதீர்' என்று ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் எச்சரிக்கைகளால் அது பாதுகாப்பாகிவிடாது. திறவாமலே நுழைந்தவற்றை மேலே கண்டோம்.

திருத்தவே இயலாத கருவிகளும் உள்ளன. குறித்த சில ஆண்டுகளின் பின் உற்பத்தியாளர் கைவிட்டுவிடுகின்றனர். விரும்பினால் அவர்கள் வேறுவிதமாக நடக்க முடியும் என்பதற்குச் சான்றும் உண்டு. பெகாசஸ் நுழைந்த வாயிலைப் புதிய கருவிகளிலே அடைத்த பத்து நாட்களின் பின், 2013இல் விற்பனைக்கு வந்த ஐபோன் 5எஸ் முதலிய பழையவற்றுக்கும் அதே திருத்தத்தை அப்பிள் வெளியிட்டது. எட்டு ஆண்டுப் பழமையான கருவி அது. ஐரோப்பிய ஒன்றியமோ இதனை நிறுவனங்களின் பெருந்தன்மைக்கு விட்டுவைக்கவில்லை. 2025 யூன் 20ஆம் திகதி முதல் அங்கு சந்தைக்கு வரும் தொலைபேசிகளுக்கு, அவ்வகையின் விற்பனை நின்ற பின்னரும் குறைந்தது ஐந்தாண்டுகள் மென்பொருட் புதுப்பிப்பு வழங்க வேண்டும் என விதித்துள்ளது.

பிஸ்கற்றுப் பெட்டியிலே காலாவதித் திகதியைத் தேடிப் பார்க்கும் நாம், ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் தொலைபேசியை வாங்கும்போது அதனைக் கேட்பதில்லை. நிறத்தைக் கேட்கின்றோம், கமராவைக் கேட்கின்றோம். எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தம் வரும் என்பதையும், நம் எழுத்து அதிலே உடையாது தோன்றுமா என்பதையும் கடையிலே நின்று கேட்டல் வேண்டும். அவ்விரு விடையும் பெட்டியின் மேலேயே, தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அச்சிடுவோர் சிங்களத்திலே நாட்டின் பெயரை எழுதும்போது அந்த மறைகுறியையும் மறவாதிருப்பாராக.